கமிஷன் அறிக்கை யாருடைய சொத்து?

(சுகாதார ஊழியர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“கமிஷன் போட்டாகிவிட்டது” என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது என்று அர்த்தம். துப்பாக்கிப் பிரயோகமா? கமிஷன். ரயில் கவிழ்ந்ததா? கமிஷன். ஜனங்களுடைய ஆத்திரம் அடங்குகிற வரைக்கும் விசாரணை நடக்கும். அடங்கிய பிறகு ரிப்போர்ட்டு வரும். வந்த ரிப்போர்ட்டு அலமாரிக்குப் போகும். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நம்மில் பலர், விசாரணைக் கமிஷன் என்பதே ஒரு கண்துடைப்பு, அதைக் கேட்டு வாங்குவதும் வீண், அதன் முன் சாட்சி சொல்லப் போவதும் வீண் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

கொரோனா கொள்ளைநோய்க்குப் பிறகு இந்தக் கேள்வி மறுபடியும் எழுந்திருக்கிறது. சர்க்கார் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்று விசாரிக்க வேண்டும் எனப் பல நாட்டு ஜனங்கள் கேட்டார்கள். சில நாடுகளில் கமிஷன்கள் அமைந்தன. அப்படிப்பட்ட விசாரணையால் பாடுபடுகிற ஜனங்களுக்குப் பலன் உண்டா, இல்லையா? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம். வெறும் வாதமாகப் பேசினால் விளங்காது. நடந்த சம்பவம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அது நூறு வருஷத்துக்கு முந்தியது. 1918, 1919ம் வருஷங்களில் சமோவாத் தீவுகளில் நடந்தது.

சமோவா எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பாரதியார் நம் பெண்களின் கண்ணீரை நினைத்து மனம் நொந்து பாடினாரே, கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பிஜித் தீவு, அதற்கு வடகிழக்கே பசிபிக் மகாசமுத்திரத்தில் இருக்கும் தீவுக் கூட்டம் அது. ஒரே ஜனங்கள், ஒரே பாஷை, ஒரே பழக்கவழக்கம். ஆனால் 1899ல் வல்லரசுகள் உட்கார்ந்து அந்தத் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன. மேற்கே இருந்த உபோலு, சவாயி என்ற பெரிய தீவுகள் ஜெர்மனிக்கு. கிழக்கே இருந்த துதுயிலா அமெரிக்காவுக்கு. அங்கே அமெரிக்கக் கடற்படை ஒரு தளம் அமைத்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டவுடனே, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சார்பில் நியூஜிலாந்துப் பட்டாளம் வந்து மேற்கு சமோவாவைப் பிடித்துக்கொண்டது. கர்னல் ராபர்ட் லோகன் என்பவர் ராணுவ நிர்வாகியாக அமர்ந்தார். ஜெர்மன் கொடி இறங்கியது, பிரிட்டிஷ் கொடி ஏறியது. சமோவா ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கப்பல் வந்தது

1918 அக்டோபரில் நியூஜிலாந்தின் ஆக்லண்டு நகரத்தில் இன்புளுயன்சா பரவிக்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பேரைக் கொன்ற அதே நோய்தான். அக்டோபர் 30ந் தேதி ‘தலூன்’ என்ற கப்பல் அந்தத் துறைமுகத்திலிருந்து தீவுகளை நோக்கிக் கிளம்பியது. கிளம்பும்போது அதற்கு நோயில்லை என்ற சுகாதாரச் சான்று கொடுத்து அனுப்பினார்கள். எப்படிக் கொடுத்தார்கள்? சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொற்றுநோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. நவம்பர் முதல் வாரம் வரைக்கும் இன்புளுயன்சா அந்தப் பட்டியலில் சேரவில்லை. பட்டியலில் இல்லாத நோய், காகிதத்தில் இல்லாத நோய்! காகிதத்தில் இல்லையென்றால் அதிகாரவர்க்கத்தின் கண்ணுக்குத் தெரியாது.

கப்பல் முதலில் பிஜித் தீவுக்குப் போனது. அங்கே அதற்குக் குவாரண்டைன் போட்டார்கள். பிறகு நவம்பர் 7ந் தேதி மேற்கு சமோவாவின் தலைநகரான ஆப்பியாவுக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். இருந்தும் அங்கே எந்தத் தடையும் இல்லை. பிரயாணிகள் கரையிறங்கினார்கள், நோயாளிகளும் கரையிறங்கினார்கள். பிஜியில் தடை போட்ட செய்தி ஆப்பியாத் துறைமுகத்தில் யாரையும் யோசிக்க வைக்கவில்லை. ஆக்லண்டில் ஜனங்கள் மடிந்துகொண்டிருக்கிறார்கள், ஜாக்கிரதையாக இருங்கள் என்று வெல்லிங்டன் சர்க்காரிடமிருந்து ஒரு தந்தியாவது வந்ததா? அதுவும் இல்லை.

குவாரண்டைன் என்பது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குத் தெரியாத வித்தையா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன காலத்தில் நம் ஜனங்களை மண்டபம் காம்பில் வைத்துத் தடுத்து, சோதித்து, மருந்தடித்த பிறகுதானே கப்பல் ஏற்றினார்கள்! தோட்ட முதலாளியின் லாபத்துக்குக் காலராவால் பங்கம் வந்துவிடக் கூடாது என்னும்போது அந்த வித்தை நன்றாகவே தெரிந்தது. சமோவா விவசாயியின் உயிருக்கு ஆபத்து என்னும்போது அது மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. இரண்டே வாரத்தில் நோய் தீவுகளை வளைத்துக்கொண்டது. ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் படுக்கையில் விழுந்தார்கள். கிழங்கு தோண்டி வர ஆளில்லை. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. செத்தவர்களைப் பாயில் சுற்றி லாரிகளில் அள்ளிக்கொண்டு போய் ஒரே குழியில் புதைத்தார்கள். சடங்கு செய்ய அவகாசம் இல்லை. அழுவதற்குக் கூட அவகாசம் இல்லை. ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலான ‘என்கவுண்டர்’ டாக்டர்களையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு ஆப்பியா வந்து சேர்ந்தபோது டிசம்பர் 3ந் தேதி ஆகிவிட்டது. இருபத்தாறு நாள் கழித்து வந்த உதவி!

மேற்கு சமோவாவின் ஜனத்தொகை அப்போது சுமார் 38,000. அதில் மாண்டவர்கள் சுமார் 8,500 பேர் என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். நூற்றுக்கு 22 பேர்! நாம் கூடியிருக்கும் இந்த அறையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். ஜனத்தொகை விகிதப்படி பார்த்தால், இருபதாம் நூற்றாண்டில் உலகில் பதிவான மிகக் கொடிய கொள்ளைநோய்ச் சேதங்களில் இதுவும் ஒன்று என்று 1947ல் ஐக்கிய நாடுகள் சபையின் ரிப்போர்ட்டு ஒன்றே கூறியது.

ஒரே கடல், இரண்டு கரை

“அந்தக் காலத்தில் மருந்து ஏது? யார் இருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?” என்று சிலர் கேட்கக்கூடும். அதிகார பீடத்தில் இருப்பவர்கள் எப்போதும் சொல்லுகிற சமாதானம் இது. விதி, இயற்கை, தெய்வ சித்தம்! ஆனால் சமோவா விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. ஏனென்றால் பக்கத்துக் கரையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

கடலில் கூப்பிடு தூரம் என்று சொல்லும்படியாக, அமெரிக்கக் கடற்படையின் பிடியில் இருந்த துதுயிலாத் தீவு இருந்தது. அங்கே கவர்னராக இருந்தவர் ஜான் பாயர் என்ற கடற்படை அதிகாரி. கம்பியில்லாத் தந்தியில் நோயைப் பற்றிய செய்தி வந்ததும் அவர் துறைமுகத்தை மூடினார். வருகிற கப்பல்களுக்குக் குவாரண்டைன் போட்டார். ஆனால் ஒரு தீவின் கரை முழுவதையும் ஒரு கவர்னர் காவல் காத்துவிட முடியுமா? முடியாது. மேற்குத் தீவுகளிலிருந்து சொந்தபந்தங்கள் படகேறி வராமல், கிராமத்து ஜனங்களே கடலோரத்தில் காவல் நின்று பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தடை நோய் தணிந்த பிறகும் நெடுங்காலம் நீடித்தது. பலன் என்ன? அமெரிக்க சமோவாவில் இந்த நோயால் இறந்தவர் ஒருவர் கூட இல்லை.

ஒரு கரையில் 8,500 பிணம். எதிர்க்கரையில் பூஜ்யம். இரண்டு கரையிலும் ஒரே ரத்தம், ஒரே கடற்காற்று. நோய்க்கு மருந்து இரண்டு இடத்திலும் கிடையாது. பின் எங்கே வித்தியாசம்? கதவை யார், எப்போது மூடினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்க ஏகாதிபத்தியத்துக்கு நாம் இங்கே நற்சான்று வழங்கவில்லை. துதுயிலா ஜனங்களுக்கும் ஓட்டுரிமை கிடையாது, சுயாட்சி கிடையாது. இரண்டே வருஷத்தில், 1920ல், அவர்களும் கடற்படை ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்: செய்திருக்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே ருசு இருந்தது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். மேற்கே ஜனங்கள் மடிவதை அறிந்த பாயர், வைத்திய உதவி வேண்டுமா என்று கேட்டுத் தந்தி அனுப்பினார். லோகன் அந்த உதவியை ஏற்றுக்கொள்ளவில்லை. தபால் போக்குவரத்தை அந்தத் தீவில் குவாரண்டைன் விதிப்படி தடுத்தார்கள் என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில், அத்தீவோடு இருந்த கம்பியில்லாத் தந்தித் தொடர்பையே துண்டித்துவிட்டார். வாசலில் பிணக்குவியல் கிடக்கும்போது ஒரு நிர்வாகிக்கு ரோஷம் வந்த விதத்தைப் பார்த்தீர்களா?

கமிஷன் என்ன சொன்னது?

உயிர் தப்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த நிர்வாகம் எங்களுக்கு வேண்டாம் என்று 1919 ஜனவரியிலேயே சமோவாத் தலைவர்கள் மகஜர் கொடுத்தார்கள். லோகன் நியூஜிலாந்துக்குக் கிளம்பிப் போனார், திரும்பி வரவில்லை. கர்னல் டேட் என்பவர் அந்த இடத்துக்கு வந்தார். குமுறல் அடங்கவில்லை. கடைசியில் நியூஜிலாந்து சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அது 1919ல் சமோவாவுக்கே வந்து சாட்சிகளை விசாரித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆட்சியாளரே நியமித்த கமிஷன் அது. இருந்தாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதனால் முடியவில்லை. நோய் தலூன் கப்பலில்தான் வந்தது என்பது ஊர்ஜிதமாயிற்று. நிர்வாகத்தின் அசட்டையும் தவறான முடிவுகளும் இருந்தன என்பது பதிவாயிற்று. ஜனங்கள் தெருவில் பேசிய குற்றச்சாட்டு, சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்தில் ஏறிவிட்டது. இது சின்ன விஷயம் அல்ல. அதுவரைக்கும் “நீ சொல்லுகிறாய்” என்று தட்டிக்கழித்தவர்கள், அதற்குப் பிறகு அப்படித் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? 8,500 உயிருக்கு யார் பொறுப்பு என்று எந்த அதிகாரியும் கூண்டில் ஏறவில்லை. யாரும் தண்டனை பெறவில்லை. லோகன் எழுதிய கடிதம் ஒன்றில், சமோவா ஜனங்கள் குழந்தைகளைப் போன்றவர்கள், பக்குவமாக நடத்தினால் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பெற்றவர்களைப் பறிகொடுத்த ஜனங்களைப் பார்த்து எழுதிய வார்த்தை இது!

அதே வருஷத்தில் நியூஜிலாந்தின் உள்நாட்டிலும் ஒரு கமிஷன் நடந்தது. அங்கே அந்த நோய்க்குச் சுமார் 9,000 பேர் பலியாகியிருந்தார்கள். அந்தக் கமிஷனின் ரிப்போர்ட்டைத் தொடர்ந்து 1920ல் புதிய சுகாதாரச் சட்டமே வந்தது. சுகாதார இலாகாவைத் திருத்தி அமைத்தார்கள். ஒரே சர்க்கார், ஒரே நோய், ஒரே வருஷம், இரண்டு கமிஷன். ஒன்றின் பலனாகச் சட்டம் பிறந்தது. மற்றொன்றின் பலனாக ஒரு மன்னிப்பு வார்த்தை வருவதற்கே எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? 2002 ஜூனில்தான் நியூஜிலாந்துப் பிரதம மந்திரி ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். எண்பத்துநான்கு வருஷம்! குழியில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளே கிழவர்களாகிவிட்டார்கள்.

ஏன் இந்தப் பேதம்? ஆக்லண்டுக்காரனுக்கு ஓட்டு இருந்தது, சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது. ஆப்பியாக்காரனுக்கு அவை எதுவும் இல்லை. உள்நாட்டிலும் கூட, நிலத்தை இழந்து வறுமையில் கிடந்த மாவோரி ஜனங்கள் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிக விகிதத்தில் மாண்டார்கள். கமிஷன் ரிப்போர்ட்டு என்பது ஒரு விதை. எந்த நிலத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது முளைக்கும். கேட்பதற்கு ஆள் இருக்கிற இடத்தில் அது சட்டமாகும். கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் அது செல்லரிக்கும்.

ஜனங்கள் எழுதிய தீர்ப்பு

சமோவா ஜனங்கள் மறந்துவிட்டார்களா? லோகனின் ஜோசியம் பலித்ததா? இல்லை. 1920களின் பிற்பகுதியில் அங்கே ‘மௌ’ என்ற சுதந்திர இயக்கம் எழுந்தது. அதன் தலைவர்களில் ஒருவர் நெல்சன் என்ற வியாபாரி. 1918 நோயில் அவர் தம் தாயையும், ஒரு சகோதரியையும், தமது ஒரே சகோதரனையும் பறிகொடுத்தவர். அந்த இயக்கத்தில் சேர்ந்த குடும்பங்களில் இழவு விழாத குடும்பம் எது? வரி கொடுக்க மறுத்தார்கள், நிர்வாகத்தோடு ஒத்துழைக்க மறுத்தார்கள். 1929 டிசம்பர் 28ந் தேதி ஆப்பியாவில் அமைதியாகப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது. தலைவர் துபுவா தமசேசே உள்படப் பதினொரு பேர் வரை பலியானார்கள். அமைதி காக்க வேண்டும் என்று தம் ஜனங்களைக் கேட்டுக்கொண்டே தமசேசே உயிர்விட்டார். லாகூரில், ராவி நதிக்கரையில் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய அதே நாட்களில் நடந்தது இது. பிறகு 1962 ஜனவரி 1ந் தேதி சமோவா சுதந்திர நாடாயிற்று. 2002ல் கேட்ட மன்னிப்பு, கொள்ளைநோய்க்கு மட்டுமின்றி இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் சேர்த்துத்தான்.

கொள்ளைநோய் ஒன்றினால் மட்டும் சுதந்திர இயக்கம் பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆட்சி செய்யத் தங்களுக்குத்தான் தகுதி உண்டு என்று வந்தவர்களின் யோக்கியதை 1918லேயே வெளுத்துப்போயிற்று. கமிஷன் தீர்ப்புச் சொல்லத் தயங்கிய இடத்தில் ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தப் பாடம் பிற்காலத்துக்கும் வந்தது. ஆனால் தானாக வரவில்லை. 2019ல் சமோவாவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பச்சைக் குழந்தைகள். தடுப்பூசி போட்ட விகிதம் மிகவும் சரிந்து கிடந்ததுதான் காரணம். சுதந்திரக் கொடி பறப்பதால் மட்டும் நோய் நின்றுவிடாது என்பதற்கு இது அத்தாட்சி. அப்போது தடுப்பூசி போடாத வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள்; ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். சில மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சிலேயே சமோவா தன் எல்லையை மூடியது. 2022 மார்ச்சில்தான் அந்த நோய் ஜனங்களிடையே பரவத் தொடங்கியது. அதற்குள் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. பலி சில பத்துப் பேரோடு நின்றது. 1918ல் நூற்றுக்கு 22 பேரைப் பறிகொடுத்த நாடு அது. கதவை முன்கூட்டியே மூட வேண்டும், மூடியிருக்கும் காலத்தை வீணாக்காமல் உள்ளே தயாராக வேண்டும் என்ற பாடத்தை இம்முறை அது நடைமுறையில் காட்டியது.

நூறு வருஷம் கழித்து லண்டனில்

இதெல்லாம் காலனி காலத்துக் கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். சரி, சாம்ராஜ்யத்தின் தலைநகருக்கே போவோம்.

பிரிட்டனில் கொரோனாவால் 2 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் சங்கமாகத் திரண்டு விசாரணை கேட்டார்கள். 2021ல் தேம்ஸ் நதிக்கரையில், பார்லிமெண்டுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில், மரணம் ஒன்றுக்கு ஒன்றாகச் சிவப்பு இதயங்களை வரைந்தார்கள். சுவர் நீண்டுகொண்டே போயிற்று. அந்த நிர்ப்பந்தத்துக்குப் பிறகுதான் கமிஷன் வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஹீதர் ஹேலட் தலைமையில் 2022ல் அமைந்து, 2023 ஜூனில் பகிரங்க விசாரணையைத் தொடங்கியது.

அடுத்து நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். மந்திரிகள் தங்களுக்குள் வாட்ஸப்பில் பேசிக்கொண்டதையெல்லாம் கொடு என்று கமிஷன் கேட்டது. எது தேவை, எது தேவையில்லை என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது சர்க்கார். தான் நியமித்த கமிஷனை எதிர்த்துத் தானே கோர்ட்டுக்குப் போயிற்று! 2023 ஜூலையில் தோற்றது. செய்திகளைக் கொடுக்க நேர்ந்தது.

2024 ஜூலையில் முதல் ரிப்போர்ட்டு வந்தது. சர்க்கார் தயாராக இருந்தது வேறொரு நோய்க்கு. இன்புளுயன்சாவை மனதில் வைத்து 2011ல் எழுதிய பழைய திட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அது சொன்னது. 1918ல் இன்புளுயன்சா பட்டியலில் இல்லை என்று கோட்டை விட்டார்கள். 2020ல் பட்டியலில் இன்புளுயன்சா மட்டும்தான் என்று கோட்டை விட்டார்கள்! 2025 நவம்பரில் இரண்டாவது ரிப்போர்ட்டு வந்தது. செய்தது போதாது, செய்ததையும் தாமதமாகச் செய்தார்கள் என்றது. ஊரடங்கை 2020 மார்ச் 23ந் தேதிக்குப் பதிலாக ஒரு வாரம் முந்திப் போட்டிருந்தால், முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 23,000 பேர் பிழைத்திருக்கலாம் என்று அது எடுத்துக்காட்டியது. அதற்கும் முன்னதாகவே மற்ற கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருந்தால், ஊரடங்கே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னது.

ஒரு வாரம், தோழர்களே! தலூன் கப்பல் ஆப்பியாவில் கரைதட்டிய அந்த ஒரு காலைப்பொழுதைப் போலவே, இந்த ஒரு வாரமும் தாமதத்தின் விலையைச் சொல்லுகிறது. அந்த விலையைக் கொடுப்பது யார்? தாமதித்தவர்கள் கொடுப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, நம் முடிவு என்ன? கமிஷன் வேண்டாம் என்பதல்ல. கமிஷனைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு அதைத் தனியே விடக் கூடாது. நம் நாட்டில் 1952ம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டம் இருக்கிறது. அதன்படி அமையும் கமிஷனுக்குச் சாட்சிகளை வரவழைக்கவும் தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. ரிப்போர்ட்டு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு சேர்த்து அதைச் சட்டசபையிலோ பார்லிமெண்டிலோ சர்க்கார் வைக்க வேண்டும். ஆனால் கமிஷனின் முடிவு சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. அந்த ஓட்டை வழியாகத்தான் ரிப்போர்ட்டுகள் அலமாரிக்குள் நழுவிப் போகின்றன.

அதனால், எங்கே, எந்தக் கொள்ளைநோய் பற்றிய விசாரணை வந்தாலும் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். விசாரணை பகிரங்கமாக நடக்கிறதா, மூடிய அறையில் நடக்கிறதா? தந்தியோ, கடிதமோ, வாட்ஸப்போ, மேலிடத்துக் காகிதம் முழுவதும் கமிஷனின் கைக்கு வருகிறதா? வார்டு உதவியாளரும், துப்புரவுத் தொழிலாளியும், செத்தவனின் மனைவியும் சாட்சி சொல்ல இடம் இருக்கிறதா, அல்லது செக்ரட்டேரியட் மனிதர்கள் மட்டும்தான் பேசுகிறார்களா? ரிப்போர்ட்டு எந்தத் தேதிக்குள் வரும், அதற்கு சர்க்காரின் பதில் எந்தத் தேதிக்குள் வரும்?

இன்னொன்று உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. நீங்கள் சுகாதார ஊழியர்கள். எந்தக் கமிஷனும் உங்கள் நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிய சாட்சியைப் பெற முடியாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கை இல்லை, ஆக்சிஜன் எந்த மணிக்குத் தீர்ந்தது, முகக்கவசம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு எப்போது பதில் வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வேலை நெருக்கடியில் இதையெல்லாம் எங்கே எழுதுவது என்று நினைக்காதீர்கள். தேதி போட்டு எழுதுங்கள். சங்கத்தில் ஒரு பிரதி வையுங்கள். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்ன உத்தரவை, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். தனி ஆளாகக் கேட்டால் இடமாற்றம் வரும். சங்கமாகக் கேட்டால் பதில் வரும்.

சமோவாவில் செத்தவர்களின் பெயர்களை எழுதி வைக்கக் கூட அந்த நாட்களில் ஆளில்லாமல் போயிற்று. பலி எண்ணிக்கையையே பிற்காலத்தில் மதிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதி இனி எந்த ஜனங்களுக்கும் வரக் கூடாது. எண்ணிக்கையை நாம் வைத்திருப்போம். ரிப்போர்ட்டை நாம் படிப்போம். படித்ததை ஊர் ஊராகச் சொல்லுவோம். அலமாரிச் சாவி அதிகாரியின் இடுப்பில் இருக்கட்டும். ரிப்போர்ட்டின் சாரம் ஜனங்களின் வாயில் இருந்தால் அந்தச் சாவிக்கு மதிப்பில்லை.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. வரும் என்பது மட்டும் நிச்சயம். அது வாசலுக்கு வருகிற அன்று, சென்ற முறை யார் கதவைத் திறந்து வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வேலையை உங்கள் சங்கக் கிளையில், இந்த வாரமே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு நம் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.